அனுப்பத் தெரியாத செயலி

ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியை நிறுவினால் அது இருப்பிடத்தைக் கேட்கும், கேமராவைக் கேட்கும், தொடர்புப் பட்டியலைக் கேட்கும். நாமும் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு ‘அனுமதி’யை அழுத்துகிறோம். இணையத்தைப் பயன்படுத்தலாமா என்று மட்டும் எந்தச் செயலியும் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டின் வகைப்பாட்டில் இணைய அனுமதி ‘சாதாரண’மானது. செயலியை எழுதியவர் அதன் அறிவிப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், நிறுவும்போதே கிடைத்துவிடும். எத்தனை அடி நடந்தோம், எத்தனை மணிக்கு உறங்கினோம், எந்தத் தெருவில் மூச்சு வாங்க நின்றோம் என்பதெல்லாம் வெளியேறும் வாசலில் காவலாள் கிடையாது.

அந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட செயலி கேட்ஜெட்பிரிட்ஜ். கைப்பட்டைகளையும் ஸ்மார்ட்வாட்ச்களையும், அவற்றை விற்ற நிறுவனத்தின் செயலி இல்லாமலே கைபேசியோடு இணைத்துக்கொள்ள உதவும் கட்டற்ற மென்பொருள். 2015-ல் பெபிள் என்ற கடிகாரத்துக்காகத் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கியது. இன்று சியோமி, அமேஸ்ஃபிட், ஹுவாவே, கார்மின் என்று அதன் பட்டியல் நீண்டுவிட்டது. காலடிகள், இதயத் துடிப்பு, உறக்கம் எல்லாம் புளூடூத் வழியாக வந்து கைபேசிக்குள் ஓர் எஸ்க்யூலைட் கோப்பில் சேர்கின்றன, அங்கேயே இருக்கின்றன. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் முகவரி தர வேண்டியதில்லை. நிறுவனச் செயலி செய்வதைப்போல இந்தச் செயலி உங்கள் தரவை அனுப்புவதில்லை என்று சொல்வது போதாது. அனுப்ப அதற்கு வழியே இல்லை. அறிவிப்புக் கோப்பில் அந்த வரி இல்லாத செயலி இணைய இணைப்பைத் திறக்க முயன்றால் இயங்குதளம் மறுத்துவிடும்.

உடற்பயிற்சிச் செயலிகளுக்கான கட்டற்ற மாற்றுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இலவசம், தனியுரிமை என்ற இரண்டு சொற்கள் முந்திக்கொண்டு வரும். இரண்டும் தேய்ந்துபோனவை. எனக்கு இந்த இயலாமைதான் யோசிக்கத் தக்கதாகத் தோன்றுகிறது. வணிகச் செயலி நமக்குத் தருவது ஒரு வாக்கு: உங்கள் தரவை இன்னின்னாருக்குத் தர மாட்டோம், இன்னின்னதற்குப் பயன்படுத்த மாட்டோம். அந்த வாக்கைக் கொடுப்பவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் மனதாரத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் நிறுவனம் விற்கப்படும்போது நாற்காலி மேசைகளோடு வாக்கும் கைமாறுகிறது. வாங்கியவருக்கு அந்த வாக்கைக் கொடுத்த நினைவு இருக்காது.

மூவ்ஸ் என்ற செயலியின் கதை இப்போது பலருக்கும் மறந்திருக்கும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் புரோட்டோஜியோ என்ற சிறு நிறுவனம் 2013-ல் வெளியிட்டது. கைப்பட்டை எதுவும் வேண்டாம். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் நடந்தது எவ்வளவு, சைக்கிள் மிதித்தது எவ்வளவு, வண்டியில் போனது எவ்வளவு, எங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று நாள்முழுவதையும் ஒரு கோடாக வரைந்துவிடும். 2014 ஏப்ரலில் ஃபேஸ்புக் அதை வாங்கியது. செயலி தனியாகவே இயங்கும், தரவை ஃபேஸ்புக்கோடு கலக்கும் திட்டமில்லை என்று சொல்லப்பட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மே மாதத் தொடக்கத்தில் தனியுரிமைக் கொள்கை மாறியது. துணை நிறுவனங்களோடு, அதாவது ஃபேஸ்புக்கோடு, தகவலைப் பகிரலாம் என்று புதிய வாசகம் வந்தது. 2018-ல் செயலியையே மூடிவிட்டார்கள். சட்டத்தை யாரும் மீறவில்லை. கொள்கையை மாற்றும் உரிமையும் அந்தக் கொள்கைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதாத தனியுரிமைக் கொள்கை ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஃபிட்பிட்டின் கதை இன்னும் பெரிய தொகை. 2019 நவம்பரில் கூகுள் அதை 210 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஆணையம் ஆராய்ந்து, 2020 டிசம்பரில் நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டது. ஃபிட்பிட்டில் சேரும் உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது முதல் நிபந்தனை. காலம் 10 ஆண்டு, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். ஒரு வல்லரசுக்கு நிகரான ஒழுங்குமுறை அமைப்பு முட்டி மோதி வாங்கிய வாக்குக்கே காலாவதித் தேதி உண்டு. அந்த நிபந்தனை பாதுகாப்பது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களை. மதுரையில் ஃபிட்பிட் கட்டிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றுகிறவருக்கு அந்த ஆணையம் பொறுப்பில்லை. அவருக்கு 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் அடிக்கல் ‘ஒப்புதல்’. நாம் ஒப்புதல் தரும் விதம் நமக்கே தெரியும்.

இவை முதலாளி மாறியபோது நடந்தவை. முதலாளி மாறாமலே வாக்குத் தவறியதற்கும் சான்று உண்டு. மாதவிடாய்க் கணக்கு வைக்க உதவும் ஃப்ளோ செயலியை 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். உடல்நலத் தகவலை வெளியே தர மாட்டோம் என்று அது சொல்லியிருந்தது. செயலிக்குள் பொருத்தப்பட்டிருந்த பகுப்பாய்வு நிரல்கள் ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் வேறு சில நிறுவனங்களுக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021-ல் சமரசத்தில் முடிந்தது. அனுப்பப்பட்ட நிகழ்வுகளில் ஒன்றின் பெயரே கர்ப்பத்தின் வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பொருள்படும். பிறகு 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்களின் கையில் விட்டபோது, தள்ளிப்போன ஒரு தேதி என்னவெல்லாம் ஆகலாம் என்று பெண்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் பலர் கண்டடைந்த மாற்றுகளில் ஒன்று பெர்லினில் உருவான ‘டிரிப்’. கட்டற்ற மென்பொருள். பதியும் எதுவும் கைபேசியை விட்டு நகராது. வேண்டுமானால் கடவுச்சொல்லால் பூட்டிக்கொள்ளலாம். நீதிமன்ற ஆணையோடு அந்தக் குழுவின் கதவைத் தட்டினாலும் எடுத்துக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை.

இந்த இயலாமையை நாம் நம்புவதற்கு என்ன ஆதாரம்? மூல நிரல் திறந்திருக்கிறது என்பதால் எல்லோரும் படித்துப் பார்க்கப் போவதில்லை. நானும் படிப்பதில்லை. எங்கேயோ யாரோ படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் இதெல்லாம் ஓடுகிறது. ஆனால் இணைய அனுமதி இல்லை என்பதை அறிய நிரலைப் படிக்கத் தேவையில்லை. நிறுவப்படும் கோப்பிலேயே அது தெரியும். 2010-லிருந்து இயங்கும் எஃப்-டிராய்ட் என்ற செயலிக் களஞ்சியம் எழுதியவர் தரும் தயார்நிலைக் கோப்பை அப்படியே வைப்பதைவிட மூல நிரலிலிருந்து தானே கட்டி வைப்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறது. விளம்பரமோ பின்தொடரும் நிரலோ இருந்தால் செயலியின் பக்கத்திலேயே எச்சரிக்கை போடுகிறது. இது முழுப் பூட்டு என்று சொல்ல மாட்டேன். இணைய அனுமதியில்லாத செயலி, அனுமதியுள்ள வேறொரு செயலியிடம் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். அப்படிச் செய்தால் நிரலில் தடம் இருக்கும், அவ்வளவுதான்.

இயலாமைக்கு விலை உண்டு. கேட்ஜெட்பிரிட்ஜில் கடிகாரத்துக்கு வானிலை வராது. மழை வருமா என்று தெரிய வேண்டுமென்றால் பிரீசி வெதர் போன்ற இன்னொரு செயலியை நிறுவி, அது வாங்கிவரும் செய்தியைக் கேட்ஜெட்பிரிட்ஜுக்குக் கொடுக்கும்படி அமைக்க வேண்டும். சின்ன எரிச்சல்தான். வரைபடம் விஷயத்தில் எரிச்சல் பெரிதாகும். கூகுள் ஒருகாலத்தில் மை டிராக்ஸ் என்ற செயலியை வைத்திருந்தது. ஓடிய பாதையை ஜிபிஎஸ் கொண்டு பதியும் எளிய கருவி. 2010-ல் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டது. 2016 ஏப்ரலோடு செயலியை நிறுத்திவிட்டது. திறந்துவிட்ட நிரல் மட்டும் வெளியே பிழைத்துக் கிடந்தது. அதிலிருந்து கிளைத்ததுதான் ஓப்பன்டிராக்ஸ். கூகுளில் பிறந்த செயலி இன்று இணைய அனுமதியே இல்லாமல் வாழ்கிறது என்பதில் எனக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி.

ஆனால் ஓப்பன்டிராக்ஸுக்குள் வரைபடம் இல்லை. முதன்முறை திறப்பவர்களுக்கு இது அபத்தமாகப் படும்: ஓடும் பாதையைப் பதியும் செயலியில் வரைபடம் இல்லையா? காரணம் நியாயமானது. இணைய வரைபடம் சிறுசிறு சதுரங்களாக வருகிறது. திரையில் ஒரு தெருவைக் காட்ட, இந்தச் சதுரத்தை அனுப்பு என்று செயலி சர்வரைக் கேட்க வேண்டும். கேட்ட கணத்தில் நாம் எந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சர்வருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பாதையைப் பதிவது ஓப்பன்டிராக்ஸின் வேலை. பார்க்க வேண்டுமானால் ஓஎஸ்எம் டாஷ்போர்டு என்ற தனிச் செயலி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடக் கோப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் அதையும் இணையம் இல்லாமலே பயன்படுத்தலாம். இவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு வரைபடத்தோடு வரும் ஃபிட்டோடிராக் இருக்கிறது. நடைப்பயிற்சிக்குப் புதிதாகக் கிளம்புகிறவருக்கு நான் சொல்வது ஃபிட்டோடிராக்கைத்தான். கொள்கைப் பிடிப்பு ஒருபுறம் இருக்கட்டும், முதல் வாரத்திலேயே சலித்து விட்டுவிட்டால் எந்தச் செயலியாலும் பயனில்லை.

இதைவிடச் சங்கடமானது சாவி. 2019-ல் வந்த சியோமியின் மி பேண்ட் 4 முதல் அந்தக் குடும்பத்துக் கைப்பட்டைகளோடு பேச ஒரு ரகசியச் சாவி தேவை. 16 பைட் நீளம், ஒவ்வொரு பட்டைக்கும் வேறு. அதை உருவாக்குவது நிறுவனத்தின் சர்வர். கேட்ஜெட்பிரிட்ஜில் இணைக்க விரும்புகிறவர் முதலில் நிறுவனத்தின் செயலியை நிறுவி, கணக்குத் தொடங்கி, பட்டையை அங்கே பதிவுசெய்ய வேண்டும். பிறகு அதற்கென்று எழுதப்பட்ட பைத்தான் நிரலால் தன் சாவியைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நிறுவனச் செயலியை நீக்கலாம். ஆனால் பட்டையை அதிலிருந்து முறைப்படி ‘விடுவிக்க’க் கூடாது, விடுவித்தால் சாவி செல்லாது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் நுழைய, வாங்கியவரே பின்வாசல் வழியாக வர வேண்டியிருக்கிறது. கேட்ஜெட்பிரிட்ஜின் ஆவணங்கள் இந்தப் படிகளைக் கோபமோ கிண்டலோ இல்லாமல், மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்வது எப்படி என்று விளக்குவதுபோல விளக்கும். அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

சாவி கிடைத்து, தரவு நம் கையில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வந்தது என்ன? ஓர் எண். இன்று நடந்த அடிகள் 6,412 என்று கடிகாரம் சொல்கிறது. அடி என்று அது எதைச் சொல்கிறது?

மணிக்கட்டில் இருக்கும் முடுக்கமானி காலைப் பார்ப்பதில்லை. கை எப்படி அசைகிறது என்பதை மூன்று திசைகளில், நொடிக்குப் பல முறை அளக்கிறது. அந்த அலைகளில் எது அடி, எது பல் தேய்ப்பது, எது பேருந்தின் குலுங்கல் என்று பிரிப்பது நிரலின் வேலை. வணிகக் கடிகாரங்களில் இந்தப் பிரிப்பு விதி தொழில் ரகசியம். கட்டற்ற கடிகாரங்கள் என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று பைன்64 சமூகத்தின் பைன்டைம். சுமார் 27 டாலர் விலை, 64 கிலோபைட் நினைவகம், இன்ஃபினிடைம் என்ற திறந்த இயங்குநிரல். இன்னொன்று இங்கிலாந்திலிருந்து வரும் பேங்கிள்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த எவரும் அதற்குச் செயலி எழுதலாம்.

பைன்டைமின் நிரல் முழுவதும் திறந்திருக்கிறது. ஆனால் அடி எண்ணும் வேலையை அது பாஷ் நிறுவனத்தின் பிஎம்ஏ421 என்ற சில்லிடம் விட்டுவிடுகிறது. அந்த வசதி இயங்க, பாஷ் தரும் ஒரு கோப்பைச் சில்லுக்குள் ஏற்ற வேண்டும். கோப்பு வெறும் எண்வரிசை. உள்ளே என்ன விதி என்று யாராலும் படிக்க முடியாது. சுவர்கள் எல்லாம் கண்ணாடியாலான அந்தக் கடிகாரத்தின் நடுவில் ஒரு பூட்டிய பெட்டி. திறந்த மென்பொருள் எங்கே முடிகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சில்லைக் காட்டுவேன்.

பேங்கிள்.ஜேஎஸ்ஸில் அடி எண்ணும் விதி சி மொழியில், படிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. பயனர்கள் தங்கள் கையசைவுகளைப் பதிந்து அனுப்பி, எண்ணிப் பார்த்து, சண்டை போட்டு மேம்படுத்திய நிரல் அது. முடுக்கமானி நொடிக்கு 12.5 முறை அளக்கிறது. அலையை வடிகட்டி, ஓர் எல்லையைத் தாண்டும் ஏற்றங்களைப் பிடிக்கிறது. அதோடு ஒரு நிபந்தனை: சீரான இடைவெளியில் தொடர்ந்து சில அடிகள் விழுந்தால்தான் அவர் நடக்கிறார் என்று ஒப்புக்கொண்டு எண்ணத் தொடங்கும். ஒற்றை அசைவுகளை எண்ணினால் மேசையில் தாளம் போட்டாலே ஆயிரம் அடி ஏறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

இதைப் படித்தபோது எனக்கு நம் சமையலறைகள் நினைவுக்கு வந்தன. அடுப்பிலிருந்து தொட்டிக்கு இரண்டு அடி. அங்கிருந்து அலமாரிக்கு மூன்று. திரும்பி அடுப்புக்கு. நடுவில் குக்கர் விசிலுக்கு ஒரு நிறுத்தம். காலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு பத்துவரை இப்படியே போகிற ஒரு பெண்ணின் நாளில் ‘தொடர்ந்து சில அடிகள்’ என்ற நிபந்தனை நிறைவேறுவது எத்தனை முறை? இடுப்பில் குடத்தை அணைத்திருக்கும் கை அசைவதில்லை. மணிக்கட்டுக் கடிகாரத்துக்கு அவர் நின்றுகொண்டிருப்பவர். தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் காய்கறிக்காரர் நிலையும் அதுவே. மாலையில் ஷூ மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றுகிறவருடைய ஒவ்வோர் அடியும் பதிவாகும். உடற்பயிற்சிக்காக நடப்பவரின் நடை நடையென்று எண்ணப்படுகிறது. வேலைக்காக நடப்பவரின் நடை இரைச்சலென்று வடிகட்டப்படுகிறது. இந்தச் சாய்வு பூட்டிய கடிகாரங்களிலும் இருக்கவே வாய்ப்பு. அங்கே நாம் ஊகிக்கலாம்; இங்கே வரி எண்ணோடு சுட்டிக்காட்டலாம். வேண்டுமானால் சமையலறைக்கு ஏற்ற வேறொரு விதியை எழுதிப் பார்க்கலாம். அப்படி ஒருவர் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை என்றாலும் எழுதவிடாமல் தடுப்பவர் யாரும் இல்லை.

எண்ணின் மேல் இவ்வளவு சந்தேகம் இருக்கும் உலகத்தில் அதற்குப் பண மதிப்பும் வந்துவிட்டது. 2018-ல் ஜான் ஹான்காக் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் தன் ஆயுள் காப்பீடுகள் எல்லாவற்றிலும் உடற்பயிற்சிக் கண்காணிப்புத் திட்டத்தைச் சேர்ப்பதாக அறிவித்தது. இந்தியாவிலும் காலடிக் கணக்கைப் பார்த்து பிரீமியத்தில் சலுகை தரும் மருத்துவக் காப்பீடுகள் இருக்கின்றன. கேட்ஜெட்பிரிட்ஜ் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை, செயலிக்கு அனுப்பத் தெரியாதே. அவர் தன் எஸ்க்யூலைட் கோப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாலும் காப்பீட்டுக்காரர் வாங்க மாட்டார். சொந்தக்காரரால் திறக்க முடிந்த கோப்பைச் சொந்தக்காரரால் திருத்தவும் முடியும். பூட்டிய செயலியின் எண்ணை அவர் நம்புவது அது துல்லியமானது என்பதற்காக இல்லை. நடந்தவரின் கை அதில் படவில்லை என்பதற்காக. வணிகச் செயலியின் பூட்டு போட்டியாளருக்கு எதிரானது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். காப்பீட்டின் பக்கமிருந்து பார்த்தால் அது நமக்கு எதிராகவும் சாத்தப்பட்டிருக்கிறது.

ஓட்டத்தைப் பதிந்து பிறரோடு பகிர உதவும் ஸ்ட்ராவா செயலியின் உலக வெப்ப வரைபடத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஆனால் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 100 கோடி ஓட்டங்களையும் சைக்கிள் பயணங்களையும் சேர்த்து 2017 நவம்பரில் வெளியிட்டார்கள். 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர், பாலைவன இருட்டில் ஒளிரும் கோடுகள் இராணுவத் தளங்களின் உள்பாதைகள் என்று சுட்டிக்காட்டினார். 2024-ல் பிரெஞ்சு நாளிதழான லெ மோந்த், நாட்டுத் தலைவர்களின் மெய்க்காவலர்கள் ஓடிய பாதைகளை வைத்தே தலைவர்கள் தங்கிய இடங்களைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று காட்டியது. ஆறு ஆண்டுகளில் மெய்க்காவலர்களே திருந்தவில்லை என்றால், காரணம் அறியாமை மட்டுமாக இருக்க முடியாது.

ஸ்ட்ராவா தருவது வரைபடத்தை அல்ல, துணையை. அதிகாலை ஐந்து மணிக்குத் தனியே ஓடிவிட்டு வருகிறவருக்கு ஏழு மணிக்குள் நாலு பேர் பாராட்டுக் குறி போட்டிருப்பார்கள். அதே ஏற்றத்தை நேற்று இன்னொருவர் எவ்வளவு நேரத்தில் ஏறினார் என்று பார்க்கலாம். கட்டற்ற செயலிகளால் இதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. ஃபிட்டிராக்கி, எண்டுரெய்ன் என்று சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் தளங்கள் இருக்கின்றன. நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஓட்டக் குழுவில் முப்பது பேர் இருந்தால் ஒருவராவது சர்வர் பராமரிக்கத் தெரிந்தவராக, அதுவும் அலுக்காதவராக இருக்க வேண்டும். மற்ற இருபத்தொன்பது பேரும் அவரை நம்ப வேண்டும். மீண்டும் ஒரு வாக்கு; இந்த முறை முகம் தெரிந்தவருடையது. பெரும்பாலான குழுக்கள் ஸ்ட்ராவாவிலேயே இருந்துவிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2024 நவம்பரில் ஸ்ட்ராவா தன் நிரலிடைமுக விதிகளை மாற்றி, ஒருவரின் தரவைப் பிற செயலிகள் அவரைத் தவிர வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்றபோது, பயிற்சியாளர்கள் தங்கள் மாணவர்களின் ஓட்டத்தைப் பார்க்கப் பயன்படுத்திய கருவிகள் கேள்விக்குறியாயின. துணையின் வாசலுக்கும் சாவி நிறுவனத்திடம்தான் இருக்கிறது.

எஞ்சியிருப்பது கோப்பு. டென்மார்க்கில் பிறந்த எண்டோமொண்டோ என்ற ஓட்டச் செயலியை அண்டர் ஆர்மர் நிறுவனம் 2015-ல் 8.5 கோடி டாலருக்கு வாங்கி, 2020 டிசம்பர் இறுதியில் மூடியது. பல ஆண்டு ஓட்டங்களைக் கெடு முடிவதற்குள் இறக்கிக்கொள்ளும்படி பயனர்களுக்குச் சொல்லப்பட்டது. இறக்கிக்கொண்டவர்களின் பாதைகள் இன்றும் திறக்கும். ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு வடிவம் 2002-லிருந்து இருக்கிறது. அட்சம், தீர்க்கம், உயரம், நேரம் என்று வரிவரியாக எழுதப்பட்ட எளிய உரை. எந்தச் செயலியும் இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். 2020 ஜூலையில் கார்மினின் சர்வர்களைப் பணயநிரல் தாக்கி, கார்மின் கனெக்ட் சில நாள் முடங்கியபோது ஓடியவர்கள் பலர் தங்கள் ஓட்டமே தொலைந்ததுபோல் புலம்பினார்கள். ஓட்டம் கடிகாரத்துக்குள்ளேயே இருந்தது. யுஎஸ்பி கம்பியைச் செருகி, கோப்புறையைத் திறந்து, எடுத்துக்கொண்டால் முடிந்தது. கோல்டன்சீட்டா போன்ற கட்டற்ற மென்பொருளால் கணினியிலேயே அதைத் திறந்து அலசலாம். அது தெரிந்தவர்கள் அன்று பதறவில்லை.

பெபிள் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்துப் பிறந்த கடிகாரம். 2016-ல் ஃபிட்பிட் அதன் சொத்துகளை வாங்கியது. 2018 ஜூனில் சர்வர்கள் நின்றன. ரெபிள் என்று ஒரு பயனர் குழு மாற்று சர்வரை எழுப்பி அதை உயிரோடு வைத்திருந்தது. ஃபிட்பிட்டோடு சேர்ந்து பெபிளின் நிரலும் கூகுளின் கைக்குப் போனது. 2025 ஜனவரியில் கூகுள் அந்த இயங்குதளத்தின் மூல நிரலைத் திறந்துவிட்டது. கடிகாரத்துக்கு உதவத் தொடங்கிய கேட்ஜெட்பிரிட்ஜ், கடிகாரம் இரண்டு முதலாளிகளின் கையில் கிடந்த காலம் முழுவதும் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது.

தன்னார்வலர்களும் களைத்துப்போவார்கள் என்பதையும் இதே நேர்மையோடு சொல்ல வேண்டும். கேட்ஜெட்பிரிட்ஜின் தரவுக் கோப்பைக் கைபேசியிலிருந்து வீட்டுக் கணினிக்கு நகலெடுக்கப் பலர் பயன்படுத்தியது சிங்க்திங். அதன் ஆண்ட்ராய்டு செயலியை 2024 இறுதியோடு நிறுத்துவதாக அதைப் பராமரித்தவர் அறிவித்துவிட்டார். பிளே ஸ்டோரின் கெடுபிடிகளும், தனக்கு ஈடுபாடு குறைந்ததும் காரணங்கள். அதன் கிளைச் செயலி ஒன்று இருந்ததால் வேலை நிற்கவில்லை. நின்றிருந்தாலும் கேட்க யாருக்கும் உரிமையில்லை. உரிமத்திலேயே எழுதியிருக்கிறது: எந்த உத்தரவாதமும் இல்லை.

இப்போது கேள்வி வாசல் பக்கமிருந்து வருகிறது. செயலியை எழுதுகிறவர்கள் தங்கள் சட்டப்பூர்வப் பெயரையும் முகவரியையும் தன்னிடம் பதிவுசெய்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும், பதியாதவர்களின் செயலியைச் சான்றிதழ் பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவ முடியாது என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. பிறகு மற்ற நாடுகள். தன் களஞ்சியத்தில் இருக்கும் செயலிகளை எழுதியவர்களை அப்படிப் பதியச் சொல்லித் தன்னால் கட்டாயப்படுத்த முடியாது, இந்த விதி வந்தால் இப்போதிருக்கும் வடிவத்தில் தன்னால் இயங்க முடியாது என்று எஃப்-டிராய்ட் பதில் எழுதியது. எதிர்ப்புக்குப் பிறகு நவம்பரில், விவரம் அறிந்த பயனர்கள் ஆபத்தை ஏற்று நிறுவிக்கொள்ள ஒரு வழி வைப்போம் என்று கூகுள் இறங்கி வந்தது. பயனரின் மின்னஞ்சலைக்கூடக் கேட்காத ஒரு செயலியை எழுதுகிறவர்கள் தங்கள் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவதா, வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘விவரம் அறிந்தவர்’ என்று யாரை, எத்தனை எச்சரிக்கைத் திரைகளைத் தாண்டிய பிறகு ஒப்புக்கொள்வார்கள் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் இருப்பதும் ஃபிட்பிட்டை வாங்கிய அதே நிறுவனம்தான்.